பாட்டி தைத்த போர்வைகள்: அலமாரிக்குள் நடக்கும் அறிவியல்

நம் வீடுகளில் எண்ணிக்கை தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும் பொருள்களில் கைத்தையல் போர்வையும் ஒன்று. பழைய சேலை, கைலி, பாத்தேக் துண்டு, தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணி என்று கிடைத்ததை எல்லாம் அடுக்கி, ஓரம் மடித்து, ஊசியால் ஓட்டித் தைத்த போர்வைகள். மலாய்க்காரர்கள் இந்த வெட்டுத்துணியைப் 'பெர்ச்சா' என்பார்கள். தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த காலத்தில் ஒவ்வொரு குழந்தை பிறப்புக்கும் ஒரு போர்வை, ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு போர்வை என்று தைத்த பாட்டிமார்கள் உண்டு. அந்தக் குடும்பங்கள் இன்று ஜார்ஜ்டவுனிலும் ஆயர் ஈத்தாமிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. வீடு சுருங்கிவிட்டது. போர்வைகள் அப்படியே இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் கிடையாது.

இந்த வாரம் அந்தப் போர்வைகளைப் பற்றிப் பேசுவோம். எதை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கொடுப்பது, எதைக் கழிப்பது என்ற நான்கு கேள்விகளுக்கும் வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றிலும் விடை இருக்கிறது. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதைத் தவறாமல் படியுங்கள்.

உலகம் முழுதும் ஒரே யோசனை

பழைய துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. வங்காளத்தில் இதைக் காந்தா என்கிறார்கள். மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி, பீகாரில் சுஜனி. ஜப்பானியர்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தலைமுறைகளாகப் பயன்படுத்திய துணிக்குப் போரோ என்று பெயர். துணி அரிதாக இருந்த காலத்தில் எல்லா ஊர்ப் பெண்களும் தனித்தனியே கண்டுபிடித்த ஒரே தீர்வு இது.

போர்வைகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுவதும் உலகப் பொதுவானதுதான். அமெரிக்காவின் நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்டிஸ் ஜேம்ஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் சேர்த்துவைத்த போர்வைகள் ஏறத்தாழ 950. அவற்றை 1997ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் கொடையிலிருந்து பிறந்ததுதான் லிங்கன் நகரில் உள்ள அனைத்துலகப் போர்வை அருங்காட்சியகம். இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளின் போர்வைகள் அங்கே இருக்கின்றன. நம்மில் யாரிடமும் 950 இருக்காது. ஆனால் அத்தகைய அருங்காட்சியகங்கள் துணியைக் காக்கும் முறைகளில் பாதியை நம் வீட்டு அலமாரியிலேயே செய்யலாம்.

சூடு தருவது துணியா, காற்றா?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. போர்வை நமக்குச் சூடு தருகிறதா? தருவதில்லை. நம் உடல்தான் வெப்பத்தை உண்டாக்குகிறது. போர்வை அதை வெளியேற விடாமல் தாமதப்படுத்துகிறது. அந்த வேலையைச் செய்வது நூல் இழைகளைவிட, இழைகளுக்கும் அடுக்குகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். நான்கு சேலைகளை அடுக்கித் தைத்தால் நடுவே மூன்று மெல்லிய காற்றுப் படலங்கள் கிடைக்கின்றன. நெருக்கமான ஓட்டுத்தையல் அந்தக் காற்றை ஓடவிடாமல் சிறு சிறு அறைகளாகப் பிரித்து வைக்கிறது.

சில பழைய போர்வைகளின் உள்ளே இலவம் பஞ்சு இருக்கும். நம் நாட்டில் கெக்காபு என்று சொல்லும் அதே பஞ்சுதான். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றாக இருக்கும் குழாய். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை எளிதில் ஏற்காது. அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு மேலாடைகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள்.

இப்போது அதே போர்வை ஈரமானால் என்ன ஆகும்? தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் ஈரம் புகுந்தால் போர்வை குளிரும். மழைக்காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்த போர்வை சில்லென்று இருப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சில்லிப்பு ஒரு முன்னறிவிப்பு. உள்ளே ஈரம் ஏறிவிட்டது, அடுத்து வரப்போவது பூஞ்சணம்.

பஞ்சு குடிக்கும் தண்ணீர்

பருத்தி என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்த பொருள். அந்தச் சங்கிலி நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவை காற்றில் உள்ள நீராவியை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் அறையில், காய்ந்த பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு தண்ணீரை ஏற்கும். பட்டு 11 விழுக்காடு, கம்பளி 16 விழுக்காடு வரை ஏற்கும். பாலியஸ்டரோ 0.4 விழுக்காடுதான்.

இதை நம் போர்வைக்குக் கணக்கிடுவோம். இரண்டு கிலோ எடையுள்ள பருத்திப் போர்வை, தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகத் தெரியும்போதே, 170 கிராம் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை அளவு. பினாங்கில் ஒப்பு ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த அளவில் அதே போர்வை 200 கிராமுக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

பூஞ்சண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. அவை முளைக்கத் தேவையானது உணவும் ஈரமும். ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நீடித்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை துணியில் வேரூன்றத் தொடங்கும். துணிக்குக் கஞ்சி போட்டிருந்தால் அவற்றுக்கு விருந்து. குளியலறைச் சுவரையோ மழை படும் வெளிச்சுவரையோ ஒட்டி நிற்கும் அலமாரியில் ஈரப்பதம் அறையைவிட அதிகம் இருக்கும். சுவர் குளிர்ந்திருப்பதே காரணம். எனவே முதல் வேலை, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பது.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சணம்

பூஞ்சணம் துணியை எப்படி உண்கிறது? அது செல்லுலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி செல்லுலோஸ் சங்கிலியை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கும். சங்கிலி அறுந்த துணி, பார்க்க முழுதாக இருந்தாலும் இழுத்தால் கிழிந்துவிடும்.

இதை உலகம் கவனித்த வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் கிடுகிடுவென்று மக்கிப்போயின. நம் ஊரைப் போலவே வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவுகள் அவை. மக்கிய துணியிலிருந்து பூஞ்சணங்களைத் திரட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று மிக வீரியமாகச் செல்லுலோசைச் சிதைத்தது. அதைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிவியலாளர் எல்வின் ரீஸ் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள். இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்குவதற்கும், சலவைத்தூளிலும், விவசாயக் கழிவிலிருந்து எரிபொருள் தயாரிப்பதற்கும் அந்தப் பூஞ்சணத்தின் நொதி பயன்படுகிறது. கூடாரத்துக்கு எதிரியாக இருந்தது தொழிற்சாலைக்கு வேலைக்காரனாகிவிட்டது. நம் அலமாரியில் மட்டும் அது இன்னும் எதிரிதான்.

சிறு பொட்டலம் போதுமா?

காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போர்வைக்குள் செருகிவைப்பவர்கள் பலர். அது உதவுமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு கிலோ பருத்திப் போர்வையை 80 விழுக்காட்டு ஈரப்பதத்திலிருந்து 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதிலிருந்து ஏறத்தாழ 80 கிராம் தண்ணீரை நீக்க வேண்டும். சிலிக்கா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் ஏற்கும். அப்படியானால் 300 கிராம் அளவுக்குச் சிலிக்கா ஜெல் தேவை. ஐந்து கிராம் பொட்டலம் என்றால் சுமார் 60 பொட்டலங்கள்! ஒன்றிரண்டு போடுவது மனநிறைவுக்கு மட்டுமே.

இதைவிடச் செலவில்லாத வழி, நாளின் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வது. காலை வேளையில் காற்று ஈரம் மிகுந்தது. மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஒப்பு ஈரப்பதம் மிகவும் இறங்கியிருக்கும். காற்றில் உள்ள நீராவியின் அளவு பெரிதாக மாறாவிட்டாலும், சூடான காற்றில் அதன் ஒப்பளவு குறைந்துவிடும். வெயிலில் சூடேறிய துணியைச் சுற்றி அது இன்னும் குறையும். எனவே போர்வையைப் பிற்பகலில் காயவைத்து, உடனே உள்ளே கொண்டுவந்து, குளிரூட்டி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் விரித்து ஆறவிட்டு, அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்து மூடுங்கள். குளிரூட்டி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அதுதான். மாலை ஆறு மணிவரை கம்பியில் தொங்கவிட்டு எடுத்தால், பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் நெகிழிப் பைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் பை இரு பக்கமும் தடுக்கும். வெளியீரம் உள்ளே வராது, உள்ளீரமும் வெளியே போகாது. நன்றாகக் காயாத போர்வையை அதில் வைப்பது பூஞ்சணத்தை வளர்க்கப் போடும் பாத்தி. மேலும் அழுத்தம் காற்றறைகளை நசுக்கி, மடிப்புகளில் இழைகளை முறிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அப்படி வைக்க வேண்டாம்.

குழந்தை உள்ள வீட்டுக்கு: அந்துருண்டை வேண்டாம்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. போர்வைப் பெட்டி என்றாலே அந்துருண்டை போடுவது நம் வழக்கம். கடையில் 'உபாட் கெகாட்' என்று கேட்டு வாங்குவோம். பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன். இது திட நிலையிலிருந்து நேராக ஆவியாகும் பொருள். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இதைப் பதங்கமாதல் என்று படித்திருப்பார்கள். உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போவதைப் பார்க்கிறோமே, காணாமற்போன பகுதி எங்கே போயிற்று? ஆவியாகிப் போர்வையின் இழைகளுக்குள் புகுந்திருக்கிறது.

நம் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தால் சிவப்பணு சிதையாமல் காப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். அத்தகைய குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, அது படிந்த துணியால் சுற்றப்பட்டாலோ, சிவப்பணுக்கள் திடீரென்று சிதையலாம். ரத்தசோகை வரும். மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். பிலிருபின் அளவு கட்டுக்கடங்காமல் போனால் அது மூளையைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1963ஆம் ஆண்டு கிரேக்க மருத்துவர்கள், நாப்தலீன் ஆவியைச் சுவாசித்ததால் சிவப்பணுச் சிதைவு ஏற்பட்ட 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் பலருக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தது. சிலருக்கு அந்தக் குறைபாடு இல்லாமலேயே பாதிப்பு வந்தது என்பதையும் கவனியுங்கள்.

நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்வது வழக்கம். முடிவு குழந்தையின் மருத்துவக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஆனால் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் பச்சிளங்குழந்தையின் துணி, தொட்டில் சேலை, போர்வை எதையும் அந்துருண்டையோடு வைக்காதீர்கள். கொள்ளுப்பாட்டி தைத்த போர்வையால் பேரப்பிள்ளையைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது அழகான வழக்கம்தான். அந்தப் போர்வை பல ஆண்டு உருண்டைகளோடு பெட்டியில் கிடந்ததென்றால் அதை அன்று எடுக்க வேண்டாம். நாப்தலீன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஆகவே ஒரு முறை அலசினால் போய்விடாது. பல நாள் வெளிக்காற்றில் விரித்து, சலவைத்தூளால் துவைத்து, வாசம் முற்றிலும் போன பிறகு பெரியவர்கள் பயன்படுத்தலாம். கைக்குழந்தைக்கு வேறு துணி எடுங்கள்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, வெளிறிப்போவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் வெயிலில் காட்டிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் அந்துருண்டை இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூச்சியை விரட்ட வேறு வழிகள்

உருண்டை வேண்டாம் என்றால் பூச்சிக்கு என்ன செய்வது? முதலில் எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்று தெரிந்துகொள்வோம். துணி அந்துப்பூச்சியின் புழுவுக்கு வேண்டியது விலங்குப் புரதம். கம்பளியையும் பட்டையும் அது தாக்கும், சுத்தமான பருத்தியைப் பொதுவாகச் சீண்டாது. பருத்திக்கு எதிரி வெள்ளிப்பூச்சி. ஈரமான இருட்டில் வாழும் இது கஞ்சியையும் செல்லுலோசையும் தின்னும். கரப்பானுக்கும் கஞ்சி, வியர்வை, உணவுக்கறை மூன்றும் பிடிக்கும்.

ஆகவே பருத்திப் போர்வைக்குச் சிறந்த பூச்சிமருந்து சலவைதான். கஞ்சி போடாமல், இஸ்திரி போடாமல், நன்றாக அலசிக் காயவைத்த போர்வையில் பூச்சிக்கு உண்ண எதுவும் இல்லை. பட்டோ கம்பளியோ கலந்த போர்வையில் பூச்சி தெரிந்தால் குளிரைப் பயன்படுத்தலாம். போர்வையை நெகிழிப் பையில் இட்டு இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்களும் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த துணிமேல் வியர்த்துவிடும்.

மூட்டைப்பூச்சி சந்தேகம் இருந்தால் வெப்பம் நல்லது. இப்போது எல்லாத் தாமானிலும் இருக்கும் சுயசேவைச் சலவைக் கடையின் உலர்த்தி இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பூச்சியும் முட்டையும் மடியும். நூல் இற்றுப்போன பழைய போர்வையை மட்டும் அதில் போட வேண்டாம்.

துவைப்பதிலும் மடிப்பதிலும்

துவைப்பதற்கு முன் ஒரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து, போர்வையின் ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வீட்டில் ஊறவைக்காதீர்கள். பழைய சிவப்புச் சேலைத் துண்டு ஒன்றே போதும், போர்வை முழுவதையும் இளஞ்சிவப்பாக்கிவிடும். பூஞ்சணக் கறைக்குக் குளோரின் வெளுப்பான் ஊற்றுவதும் கூடாது. கறை போகும், ஆனால் அது செல்லுலோசையும் ஆக்சிஜனேற்றம் செய்து நைந்துபோக வைக்கும். பூஞ்சணம் பிடித்த போர்வையை முதலில் வெளியே கொண்டுபோய்க் காயவைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்லத் தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பிறகே நனைக்க வேண்டும்.

நனைந்த போர்வையின் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஒரே கம்பியில் தொங்கவிட்டால் அந்த எடை முழுவதும் ஒரு வரிசைத் தையலில் இறங்கும். இரண்டு மூன்று கம்பிகளின்மேல் பரப்பிப் போடுங்கள். நல்ல பக்கத்தை உள்ளே வைத்துக் காயவிடுங்கள். புற ஊதாக் கதிர் பூஞ்சணத்தைக் கொல்ல உதவும். அதே கதிர் சாயத்தையும் பட்டு இழையையும் சிதைக்கும்.

வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அந்தத் தாளில் மரத்தின் லிக்னின் இருக்கிறது. அது காலப்போக்கில் அமிலத்தன்மை கொண்டு துணியில் மஞ்சள் கறையைப் படியவைக்கும். ஒட்டுப்பலகை அலமாரியும் அட்டைப்பெட்டியும் இதே பாதிப்பைத் தரலாம். நன்கு துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுவது நல்லது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழைகள் முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு விதமாக மடியுங்கள். மிகப் பழையதை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

மிஞ்சியவற்றை என்ன செய்வது?

எல்லாவற்றையும் கூடத்தில் விரித்துப் பார்த்து நான்கு குவியலாகப் பிரியுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியவை, தினமும் பயன்படுத்தக்கூடியவை, கொடுக்கக்கூடியவை, போர்வையாகப் பயன்படாதவை.

கொடுப்பதற்கு ஓர் எளிய அளவுகோல்: அதை உங்கள் வீட்டு விருந்தாளிக்குப் போர்த்தக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் பிறருக்கும் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் காய்ந்த, சுத்தமான போர்வை பெரிய உதவி. கிழிந்ததும் முடைநாற்றம் வீசுவதும் நிவாரண மையத்துக்கு இன்னொரு குப்பை. எனவே முதியோர் இல்லமோ குழந்தைகள் இல்லமோ, முதலில் தொலைபேசியில் என்ன தேவை என்று கேட்டுவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ போன்ற விலங்குக் காப்பகங்களுக்குக் கொடுக்க நினைத்தாலும் இதே விதிதான். ஒன்று நினைவில் இருக்கட்டும். நாய்கள் போர்வையைக் கடித்துப் பஞ்சை விழுங்கிவிடலாம். உள்ளே பஞ்சு இல்லாத, துணி அடுக்கு மட்டுமே உள்ள போர்வைதான் அவற்றுக்கு ஏற்றது.

இந்தியாவில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, நகரங்களில் மிஞ்சும் பழந்துணியைக் கிராமங்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. அணிய முடியாத துணியையும் அது வீசுவதில்லை. அடுக்கித் தைத்துச் 'சுஜ்னி' என்னும் படுக்கை விரிப்பாக்குகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் பாட்டிகள் வீட்டளவில் செய்ததை அவர் நாட்டளவில் செய்துகாட்டியிருக்கிறார்.

கடைசிக் குவியலைத் துண்டாக்கிக் கால்மிதியாகவோ, தரை துடைக்கவோ, தலையணைக்குள் அடைக்கவோ பயன்படுத்தலாம். அதற்கும் ஆகாதவை துணி மறுசுழற்சித் தொட்டிக்குப் போகட்டும். குப்பையில் மட்டும் போடாதீர்கள். பினாங்குத் தீவின் குப்பை கடல் தாண்டி நிபோங் திபால் அருகே உள்ள பூலாவ் புரோங் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே மூண்ட தீயும் புகையும் சுற்றுவட்டார மக்களைத் திணறடித்தன. காற்றுப் புகாத குப்பைக்குள் பருத்தி மக்கும்போது மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். பாலியஸ்டரோ எளிதில் மக்கவே மக்காது. இரண்டும் கலந்து நெய்த துணியைப் பிரித்தெடுப்பது மறுசுழற்சித் துறையின் தீராத தலைவலி. ஹாங்காங் ஆய்வாளர்கள் சூடான நீரையும் அழுத்தத்தையும் கொண்டு பருத்தியைத் தூளாக்கி, பாலியஸ்டர் இழையைத் தனியே மீட்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அது எல்லா ஊருக்கும் வந்துசேரும்வரை, மறுபயன்பாடே முதல் வழி.

வைத்துக்கொள்ளும் போர்வைகளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சிறிய வெள்ளைத் துணித்துண்டில் யார் தைத்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தச் சேலையிலிருந்து என்று எழுதி மூலையில் தைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்களிலும் இந்த விவரங்கள் இல்லாத போர்வை அழகான துணி மட்டுமே, விவரம் உள்ளதுதான் வரலாறு. தைத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கொடுத்துவிடப்போகும் போர்வைகளையும் படமெடுத்து வையுங்கள். பாதி வீடுகளில் போர்வையைப் பிரிய முடியாத காரணம் அதன் பயனல்ல, நினைவு. நினைவைப் பத்திரப்படுத்திவிட்டால் துணியை மனநிறைவோடு இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு பருத்தித் துண்டு, ஏறக்குறைய அதே எடையுள்ள பாலியஸ்டர் துணி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு.

மழை பெய்யும் காலையில் இரண்டையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளில் பிற்பகல்வரை காயவிட்டு, எடுத்த உடனே மீண்டும் எடைபோடுங்கள். பருத்தித் துண்டு 500 கிராம் என்றால் 20 கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு தெரியலாம். பாலியஸ்டரில் வேறுபாடு ஏறக்குறைய இருக்காது. இனி அதே துண்டை அறைக்குள் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடைபோட்டு வரைபடம் வரையுங்கள். எவ்வளவு விரைவாக ஈரம் திரும்பி வருகிறது என்று பார்த்தபின், போர்வையை எப்போது கம்பியிலிருந்து எடுக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.